ஓ

கணக்கு டீச்சர் நான்.
நவம்பர் வந்தால் மட்டும்
லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
வீடு வீடாகக் கதவு தட்டி
இருக்கிறவர், போனவர், செத்தவர்
சரிபார்க்கிறவள்.

வரிசை எண் 611, வீடு இல்லை. ஷட்டர்.
உள்ளே ஒரு புல்லட்டின் கார்புரேட்டரைக்
கிண்ணத்துப் பெட்ரோலில்
குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்
நெவில் ஓ'ட்ரெவ்னஹன்.
‘இன்னா மேடம், போன வருசமே குட்த்தேனே.’

கொடுத்திருக்கிறார்தான்.
செல்போன் செயலிதான் வாங்கவில்லை.
குடும்பப் பெயர்க் கட்டத்தில்
ஓவுக்குப் பக்கத்தில் தொங்குகிற
அந்த ஒற்றைக் கொக்கியைக் கண்டதும்
சிவந்துபோய்ச் சொல்கிறது:
சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை.

‘ஓன்னா பேரன், மேடம். ட்ரெவ்னஹனோட பேரன்.’
யார் அந்த ட்ரெவ்னஹன்?
மழையில் நிலம் உழுதவன் என்பது அப்பா கட்சி.
ஆடு திருடினவன் என்பது அத்தை ஃபிலோமினா கட்சி.
‘ரெண்டும் ஒரே ஆளா இருக்கலாம்.
பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.’

பட்டாளத்துக் குதிரைகளுக்கு லாடம் அடிக்க
அங்கிருந்து கப்பலேறி வந்தவன் ஒருவன்.
ஓவை ரெஜிமெண்ட் குமாஸ்தா தின்றுவிட்டான்.
மூன்று தலைமுறை கழித்து
நெவிலின் அப்பா நோட்டரி முன்னால் நின்று
முத்திரைத்தாள் வாங்கி
பேரனாகத் திரும்பி வந்தார்.

மொத்தம் எத்தனை பேர் என்றேன்.
ஸ்பேனர்களை வரிசையாக வைத்து எண்ணினார்.
அவர். புனேயில் மகள் ஷார்மெய்ன்.
பெர்த்தில் இரண்டு பேர், கிறிஸ்துமஸ் கார்டு
வருவது நின்று ஆறு வருஷம்,
அதனால் ஒரு ஸ்பேனரைப் பாதி தள்ளி வைத்தார்.
ஓசூர் ரோடு கல்லறையில் ஒன்பது,
மூன்று விதமான எழுத்துப்பிழைகளில்.
‘அயர்லாந்துல?’
‘லெட்டர் போட்டேன். கோயில்லேர்ந்து பதில் வந்துச்சு.
இப்ப யாரும் இல்லியாம்.
கடைசியா ஒருத்தன் இருந்தானாம், கப்பலேறிட்டானாம்.
அது நாங்கதான்.’

சிரித்தார். நானும்.
பிறகு என் கையெழுத்தைப் பார்த்தார்.
மு. செண்பகவடிவு.
‘மு உங்க சர்நேமா?’

கோரமங்களாவில் பாஸ்போர்ட் எடுத்த அன்று
அந்தக் கட்டத்தைக் காலியாக விட
எனக்கும் அனுமதி இல்லை.
அப்பா பெயரைத் தூக்கி அதில் போட்டேன்.
‘மிஸ் முத்தையன்’ என்று கவுண்டரில் கூப்பிட்டபோது
இறந்து ஏழு வருஷம் ஆன மனிதர்
எனக்குள் திரும்பிப் பார்த்தார்.
அந்தக் குடும்பப் பெயருக்கு உலகத்தில் இரண்டு பேர்,
நானும் தம்பியும்.
தம்பி மகளுக்குத் தம்பியின் தலையெழுத்து.
எங்கள் வம்சம் இப்படித்தான்,
ஆளுக்கு ஒரு எழுத்தாக அற்றுப்போய்க்கொண்டே இருக்கிறது.
யாரும் கல் நடுவதில்லை,
கடிதம் எழுதிக் கேட்பதில்லை.

அவருக்கு முன்னால் நிற்கிறது ஓ.
எங்களுக்குப் பின்னால் வந்து ஒட்டும்:
வருவானோ, மாட்டானோ, 
இருப்பாளோ.
திரும்பும் வழியெல்லாம்
அதை இடம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.
ட்ரெவ்னஹனோ?
பெர்த்தின் அந்தப் பாதி ஸ்பேனருக்கு
அதுதான் சரி என்று பட்டது.

ஜனவரியில் பட்டியல் அச்சாகி வந்தது.
கன்னடத்தில் எழுத்துக் கூட்டினேன்.
வரிசை எண் 611: நெவில் ஓதிரவணன்.

‘நல்லாத்தான் மேடம் இருக்குது,
காவடி தூக்கலாம் போல.’
கையைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.
‘இந்தப் பேர்ல எத்தினி பேரு இருப்பாங்க?’
ஒருவர், என்றேன்.
‘இன்னிக்கு ஸ்டார்ட் ஆயிருக்கு. வுடுங்க.’

விட முடியவில்லை.
திருத்தத்துக்கு உண்டான படிவத்தை எடுத்து,
எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஒரு ஓரம் தேடி,
கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினேன்.
ஓ எழுதி,
அடுத்த கட்டத்தை வெறுமனே விட்டு,
அதற்கு அடுத்ததில் ட்.